தணிந்த குரலில் ஒரு சாவு

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் சண்முகவடிவு கடுகு தாளிக்கும்போது சட்டிக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டுக்கு மேல் ஈரத்துணியையும் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கடுகு வெடித்தது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. தேர்தல் அமைதிக்காலம் தொடங்கியதிலிருந்து உப்பளத் தெருவில் எல்லா அடுப்படியிலும் கடுகு இப்படித்தான் வெடிக்கிறது. கடுகுக்கும் கரண்டிக்கும் எல்லாம் தெருவின் குரலை அளக்கிற கொதிமானி ஏறாது என்று கண்காணிப்பு மையத்துக்காரர்கள் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. யார் கேட்கிறார்கள்? பயம் பிடித்த தெருவில் கடுகும் சந்தேகத்துக்குரியதுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து தெருமுனையில் கொதிமானிப் பலகையைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. பச்சை. ‘நல்லவேளை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாசலுக்கு வரும்போதெல்லாம் அவள் பலகையைப் பார்ப்பாள், பார்க்கும்போதெல்லாம் இதையே சொல்வாள். தெருவில் மற்றவர்களும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒருவரைப் பார்த்தால் ‘சாப்டாச்சா’ என்று கேட்பார்கள். இப்போது ‘எவ்வளவு காட்டுது’ என்கிறார்கள்.

தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, ஓட்டுநர் கையை மட்டும் ஆட்டினார். குடங்கள் வரிசைக்கு வந்தன. வரிசை என்றால் சண்டை இல்லாமலா? பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தின் குடத்தை யாரோ ஒதுக்கிவிட்டு முன்னால் வேறு குடத்தை வைத்திருந்தார்கள்.

“ஏட்டி செல்லக்கனி, என் குடத்த நகத்துனது யாரு? உங்க மாமியாளா?” என்று தங்கபுஷ்பம் பிள்ளையைத் தூங்கப்பண்ணுகிற குரலில் கேட்டாள்.

“ஆமாக்கா, செத்துப்போன மாமியா எந்திரிச்சு வந்து நகத்திட்டுப் போனா” என்று செல்லக்கனி அதைவிட இனிப்பாகச் சொன்னாள்.

“தேர்தல் முடியட்டும். உன்னய வச்சுக்கிடுதேன்.”

“நீங்க எதுக்கு அலையணும்? கூச்சல் நாளன்னைக்கு நானே உங்க வீட்டுக்கு வாரேன்.”

இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். வடிவுக்கும் சிரிப்பு வந்தது. கூச்சல் நாள் என்பது வாக்குப்பதிவுக்கு மறுநாள். அன்றைக்கு அரசு விடுமுறை. தெருவின் குரலைக் கேட்கிற செவிக்கூடுகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். அடக்கி வைத்த சண்டை, ஏச்சு, அழுகை, மாமியார் மருமகள் கணக்கு எல்லாம் அன்றைக்கு ஒரே நாளில் தீரும். காலையிலிருந்து ஊர் முழுக்கக் கத்தும். சாயங்காலம் எல்லோரும் தொண்டை கட்டிப்போய் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது இந்தத் தலைமுறைக்குக் கதையாகத்தான் தெரியும். கலவரத் தேர்தல் என்று ஒன்று நடந்ததாம். பூத்துக்குப் பூத் வெட்டு, குத்து, தீ. ஓட்டுப் போடப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் அமைதி ஆணையம் வந்தது, விளக்குக் கம்பங்களில் செவிக்கூடுகள் வந்தன. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கும். மனுசர் பேசுகிற சொல்லை அது கேட்காது, சட்டம் விடாது. குரலின் சூட்டை மட்டும் கேட்கும். எத்தனை பேர், எத்தனை உயரத்தில், எத்தனை வேகத்தில் பேசுகிறார்கள் என்று அளந்து பலகையில் ஓர் எண்ணாகப் போடும். ஐம்பதுக்கு மேல் மஞ்சள். எண்பதைத் தாண்டி அங்கேயே நின்றால் சிவப்பு. சிவந்த வட்டத்தின் ஓட்டை உறைய வைத்துவிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு அந்த வட்டத்துக்கு உறுப்பினர் கிடையாது, கேட்க நாதி கிடையாது. ஊமை வட்டம் என்று பேர்.

சும்மா சொல்லக்கூடாது, வெட்டு குத்து நின்றுபோனது உண்மைதான். ஆனால் உப்பளத் தெருவே ஒரு வட்டம், அது போன தேர்தலில் ஊமையாகிவிட்டது. காரணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பூத் வாசலில் அதில் யார் உட்காருவது என்று மச்சானும் மச்சினனும் சத்தம் போட்டார்கள், விலக்கப் போனவர்கள் அதைவிடச் சத்தம் போட்டார்கள், சிவந்துவிட்டது. அந்த ஐந்து வருஷத்தில்தான் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையிலிருந்து குழாய் போட்டார்கள். குழாய் உப்பளத் தெருவுக்கு அடியிலேதான் போகிறது. தெருவுக்கு ஒரு திறப்புக்கூட வைக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே வைப்பார்கள்? காலுக்கு அடியில் தண்ணீர் ஓட, தங்கபுஷ்பம் ஐந்து வருஷமாக டேங்கர் தண்ணீரை இடுப்பில் சுமந்து, இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். இந்தத் தடவை எப்படியும் ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வடிவின் கஷ்டம் வேறு. அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்குக் கடவுள் கொடுத்த குரல் அப்படி. உப்பளத்தில் அவர் மேஸ்திரி. பாத்தியின் இந்தக் கரையில் நின்று ‘ஏலேய்’ என்றால் அந்தக் கரையில் உப்பு வாருகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். குடம் சின்னத்துக்குப் பூத் ஏஜெண்ட் வேறு. அமைதிக்காலம் வந்தால் அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது நயினார் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

“நங்கூரச் சின்னத்துக்காரனுவ என்ன செய்யுதானுவ தெரியுமா?” என்று கிசுகிசுத்தார். கிசுகிசுப்பே அடுத்த அறைக்குக் கேட்டது. “வீடு வீடாப் போயி, எங்களுக்குப் போடலேன்னா நாளைக்கு ஒங்க தெருவுல ஒரு ஆள எறக்கிவிட்டுக் கத்த வச்சிருவோம்ங்கானுவ. தெரு செவந்துரும்லா? சனங்க பயந்து தலைய ஆட்டுதாவ.”

வடிவு குடத்தை இறக்கி வைத்தாள். “மையத்துல சொல்லுங்க.”

“சொன்னேன். தேர்தல் முடிஞ்சு விசாரிப்பாவளாம். முடிஞ்சப்புறம் என்ன விசாரணை? நான் தெருவுல எறங்கி எல்லாத்துட்டயும் சொல்லத்தான் போறேன். பயப்படாதீயன்னு சொல்லணும்லா.”

“சொல்லுங்க. ஆனா மெதுவாச் சொல்லுங்க. ஒங்க குரலுக்கு ஒரு மூடி செஞ்சு மாட்டணும் போல.”

நயினார் சிரித்தார். “மொதல்ல லிங்கதுரைய பாத்துட்டு வாரேன். மத்தியானத்துக்கு ரசம் வையி” என்று சொல்லிவிட்டு, அவன் இருக்கும் படிப்பகத்தைப் பார்த்து நடந்தார்.

லிங்கதுரை அந்த வட்டத்தின் அமைதித் தோழன். ஆணையம் கொடுத்த தனி போன் அவனிடம்தான் இருக்கும். தெருவில் யார் குரல் ஏறினாலும் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு இறக்கிவிடுவது அவன் வேலை. நல்ல பையன். உப்பளத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நயினார்தான். டேங்கர் தண்ணீரில் குளித்துக் குளித்து அவன் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் புண். ‘இந்த வருஷம் கொழாய் வந்துரும் மதினி’ என்று வடிவிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லுவான்.

உச்சிவேளையில் வடிவு வாசலில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது பலகையில் எண் துள்ளியது. நாற்பது, ஐம்பது, அறுபத்தைந்து. மஞ்சள். ‘ஐயோ, யாரு பெத்த புள்ளையோ கத்துது, முருகா, நிறுத்து, நிறுத்து’ என்று பலகையைப் பார்த்துக் கும்பிட்டாள். எண் அங்கேயே நின்று நடுங்கியது. பிறகு இறங்கியது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. பச்சை. “அப்பாடா” என்று வாய்விட்டுச் சொல்லி, மிச்ச வடகத்தைப் பிழியக் குனிந்தாள்.

வடகம் பிழிந்து முடிவதற்குள் நாலு பேர் படிப்பகத்துப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சின் மேல் நயினார் படுத்திருந்தார். முன்னால் லிங்கதுரை வந்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“மதினி, சத்தம் போட்டுராதீய” என்றான். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. “அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி. பேசிக்கிட்டே இருந்தாவ, அப்படியே சாஞ்சிட்டாவ. போயிட்டாவ மதினி. சத்தம் போட்டுராதீய.”

வடிவு வாயைத் திறந்தாள். அதற்குள் தங்கபுஷ்பம் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். “வேண்டாம்ட்டி. நாளைக்கு ஒரு பொழுது. கூச்சல் நாளன்னைக்கு நாம சேந்து அழுவோம். இப்ப வேண்டாம்ட்டி” என்று காதுக்குள் கெஞ்சினாள். வடிவு அந்தத் தோளைப் பல்லால் கவ்விக்கொண்டு நின்றாள். உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

வேறு நாளாக இருந்தால் ஊருக்கு வெளியே அழுகைக் கூடம் இருக்கிறது. தடித்த சுவர் வைத்துக் கட்டியது, உடலைக் கொண்டுபோய் அங்கே வைத்து ஆசை தீர அழலாம். ஆனால் வாக்குப்பதிவுக்கு முந்தின நாளும் வாக்குப்பதிவு அன்றைக்கும் அந்தக் கூடத்து வண்டி ஓடாது. மையத்துக்குச் சொல்லலாமே என்றால், இறந்தவர் பூத் ஏஜெண்ட். ஏஜெண்ட் ஒருவர் செத்தால் இயற்கையோ இல்லையோ, விசாரணை முடியும்வரை வட்டத்தை உறைய வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் லிங்கதுரை தெருவில் ஒவ்வொருவரிடமும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். எல்லோரும் தலையாட்டினார்கள். வடிவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

நயினாரைக் கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் தெருமுனையிலேயே குரல் எடுத்து, உள்ளே வந்து தலையோடு தலை சேர்த்து வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இப்போதும் வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். கட்டிக்கொண்டார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. மூக்கை உறிஞ்சக்கூடப் பயந்து முந்தானையால் ஒத்திக்கொண்டார்கள்.

வடிவு ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். இடது கன்னத்தில் நாலு தடங்கள் கன்றிப்போயிருந்தன. வலது கன்னத்தில் ஒன்று, தடித்தது. உதட்டை விரலால் விலக்கினாள். உள்ளே பல் பதிந்து கிழிந்திருந்தது. நெஞ்சு வலிக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த அஞ்சு தடத்தின் மேலும் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. கை மட்டும் அவள் கையைவிடப் பெரியது.

“மதினி, ஒரு வாய் காப்பி குடிங்க” என்று லிங்கதுரை டம்ளரை நீட்டினான். இடது கையால் நீட்டினான். சாவு வீட்டில், அதுவும் மூத்தவளுக்கு, அவன் இடது கையால் ஒன்றைக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. வலது கையில் துண்டைச் சுற்றி வைத்திருந்தான். துண்டின் ஓரத்தில் உள்ளங்கை தெரிந்தது. பிறை வடிவத்தில் பல்தடம், ரத்தம் கட்டியிருந்தது.

வடிவு டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். வாயைத் திறந்தால் குரல் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் இருந்த இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருந்தாள்.

வெளியே தெரு செத்தது மாதிரி இருந்தது. ஒரு சாவு வீட்டுக்குத் தர வேண்டிய மரியாதையைச் சத்தமாகத் தர முடியாததால், உப்பளத் தெருக்காரர்கள் அதை மௌனமாகத் தந்தார்கள். யாரும் சொல்லாமலே டிவியை அணைத்தார்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள், மாவு மெஷினை நிறுத்தினார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை. பலகை இருபதுக்கு வந்தது, பிறகு பதினான்கு. லிங்கதுரை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது ஆனபோது அவன் மூச்சை விட்டது கூடத்துக்குள் கேட்டது. எண் நான்குக்கு வந்தபோது அவன் போன் அடித்தது.

அத்தனை அமைதியில் மையத்து அதிகாரியின் குரல் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. “லிங்கதுரை, உங்கள் தெருவில் என்ன நடக்கிறது?”

“ஒண்ணும் இல்ல சார். நல்ல அமைதியா இருக்கோம்.”

“அதுதான் கேட்கிறேன். எதற்கு இவ்வளவு அமைதி? கலவரத் தேர்தலில் வெட்டு விழுந்த ஒவ்வொரு தெருவும் அதற்கு முன்னால் இப்படித்தான் அடங்கிக் கிடந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஆயுதத்தோடு காத்திருப்பவர்கள் பேசமாட்டார்கள். இயந்திரம் இதைப் பதுங்கல் என்று குறித்திருக்கிறது.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்.”

“இல்லையென்றால் சந்தோஷம். எல்லோரையும் எப்போதும் போலப் பேசச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் பார்ப்பேன். முப்பதுக்கு ஏறவில்லை என்றால் வட்டத்தை உறைய வைத்துவிட்டு ஆட்களை அனுப்புவேன்.”

லிங்கதுரை போனை இடுப்பில் செருகினான். நெற்றியெல்லாம் வியர்வை. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, “பேசுங்க, எல்லாரும் பேசுங்க, எப்பவும் போலப் பேசுங்க” என்று கையை ஆட்டினான். யாருக்குப் பேச்சு வரும்? செத்தவர் நடுக்கூடத்தில் கிடக்கிறார். செல்லக்கனி “இன்னைக்கு... சாளை மீனு நல்லா வந்திருந்துச்சு” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். “ஆமா, சாளை” என்றாள் இன்னொருத்தி. யாரோ டிவியைப் போட்டார்கள், அதில் ஒருவன் சிரித்தான், உடனே அணைத்துவிட்டார்கள். பலகை ஏழு காட்டியது.

அவன் வடிவின் முன்னால் வந்து குத்தவைத்தான். “மதினி, கோவிச்சுக்காதீய. நீங்க வாயத் தெறந்தாத்தான் மத்தவியளுக்குப் பேச்சு வரும். சும்மா எதாவது பேசுங்க. அண்ணாச்சியப் பத்தியே பேசுங்க. லேசாச் சிரிச்சாலும் தப்பில்ல. தெருவே ஒங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.”

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேசணுமா?” என்றாள் வடிவு.

“ஆமா மதினி.”

“சரி, பேசுதேன்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். டேங்கர் வரிசையில் நின்று பக்கத்துக் குடத்துக்காரியிடம் பேசுகிற குரலில் தொடங்கினாள். “புஷ்பக்கா, இன்னைக்கு மத்தியானம் நான் வடகம் பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு போர்டு மஞ்சளாயிட்டு. நீங்க பாத்தீயளா?”

“பாத்தேன்ட்டி” என்றாள் தங்கபுஷ்பம், என்ன பேச்சு இது என்று புரியாமல்.

“நான் பயந்து முருகனக் கும்புட்டேன். அப்புறம் எறங்கிட்டு. அப்பாடான்னேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.” வடிவு லிங்கதுரையைப் பார்த்தாள். குரல் மாறவில்லை. “தம்பி, அந்த நேரத்துலதான நீங்க அவிய வாயப் பொத்துனீய?”

லிங்கதுரை துண்டு சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“பேசுங்க தம்பி. பேசாம இருந்தா போர்டு எறங்கிரும்லா.”

அவன் கண் தன்னாலே வாசலுக்குப் போய்ப் பலகையைத் தொட்டுத் திரும்பியது. பழகின கண், அதை என்ன சொல்ல? உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு அவனும் அதே குரலில், அமைதித் தோழர்களுக்குப் பயிற்சியில் பழக்கிய அந்தத் தணிந்த குரலில் சொன்னான்.

“ஆமா மதினி. அண்ணாச்சி தெருவுல எறங்கி, யாரும் பயப்படாதீயன்னு சொல்லப்போறேன்னாவ. நாளைக்கு வரைக்கும் பொறுங்கன்னேன். கேக்கல. படிப்பகத்து வாசல்ல நின்னு மொத வார்த்தை சொன்னதுமே போர்டு ஏறிட்டு. உள்ள இழுத்துக் கட்டிப்பிடிச்சேன். வாய மட்டுந்தான் பொத்தணும்னு நெனச்சேன்.”

“மூக்கு?”

“கவனிக்கல மதினி. நான் சன்னல் வழியாப் போர்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“கடிச்சாவளா?”

“கடிச்சாவ.”

“அப்பவும் கைய எடுக்கலயா?”

“எடுத்தா கத்திருவாவன்னு பயம். முப்பதுக்கு வந்தப்புறந்தான் எடுத்தேன்.” அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குரல் மட்டும் ஏறவே இல்லை. “எனக்கு அவிய தகப்பன் மாதிரி மதினி. ஒங்களுக்குத் தெரியும்லா.”

“தெரியும் தம்பி” என்றாள் வடிவு.

வாசலில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேள்வி பின்வரிசைக்குப் போயிற்று, அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போயிற்று. எல்லாம் தணிந்த குரலில்தான். பலகை இருபது, இருபத்தெட்டு என்று ஏறி முப்பத்துமூன்றில் நின்றது. போன் அடித்தது. “நல்லது லிங்கதுரை” என்றார் அதிகாரி. அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. “இப்போதுதான் உயிருள்ள தெரு மாதிரி இருக்கிறது. இப்படியே பேசிக்கொண்டிருங்கள். நாளைக்கு எல்லோரும் வந்து ஓட்டுப் போடுங்கள்.”

அந்தப் பாராட்டைக் கேட்டதும்தான் வடிவுக்கு அது வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. தடுக்க அவளால் முடியவில்லை, தடுக்க அவளுக்கு மனசும் இல்லை. தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்தது.

முதல் ஒலி வெளியே வருவதற்குள் ஒரு கை அவள் வாயில் வந்து விழுந்தது. தங்கபுஷ்பத்தின் கை. குடம் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை, வாயையும் மூக்கையும் சேர்த்து அழுத்தியது. சுற்றி இருந்த பெண்களில் இன்னும் மூன்று நாலு பேர் கை பாதி தூரம் வந்து நின்றது. தங்கபுஷ்பத்தின் கண் வாசல் வழியே பலகைக்குப் போயிருந்தது.

வடிவு கடிக்கவில்லை. திமிறவில்லை. மூச்சு முட்ட, தங்கபுஷ்பத்தின் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் திரும்பினாள். அந்தக் கண்களைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நெருப்பில் வைத்தது போல வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். “பாவி, நானும்லா பொத்திட்டேன்” என்றாள். பாதியில் நின்றிருந்த மற்றக் கைகளும் மெல்ல மடிக்கு இறங்கின.

“அழுட்டி” என்றாள் தங்கபுஷ்பம். இடுப்பு வலிக்க வலிக்க எழுந்து வந்து வடிவின் தலையோடு தலையைச் சேர்த்துக்கொண்டாள். “தண்ணி என்னட்டி தண்ணி. அஞ்சு வருசம் செமந்தவளுக்கு இன்னும் அஞ்சு வருசமா பெரிசு? நீ அழு.”

வடிவு அழுதாள். “ஊருக்கே கேக்கப் பேசுவீயளே, என் ராசா! போகும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீயளே! நீங்க அடங்குனத நானும்லா அப்பாடான்னு பாத்துக்கிட்டு நின்னேன்!” தங்கபுஷ்பம் குரலெடுத்துச் சேர்ந்துகொண்டாள். செல்லக்கனி சேர்ந்தாள். கூடம் முழுக்கப் பெண்கள் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார்கள், வாசலில் நின்ற ஆண்களும் துண்டை வாயிலிருந்து எடுத்தார்கள். வாரக்கணக்காகக் கடுகைக்கூட மூடி வெடிக்கவிட்ட தெரு அது. பலகை மஞ்சளாகி, அதைத் தாண்டிச் சிவந்தது. கம்பத்தில் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது.

லிங்கதுரை எழுந்து வெளியே வந்தான். யாரையும் அடக்கப் போகவில்லை. போன் அடித்தது, எடுத்தான்.

“என்ன ஆயிற்று? இப்போதுதானே சரியாக இருந்தது?” என்றார் அதிகாரி.

“சார், ஆறுமுகநயினார் அண்ணாச்சி செத்துட்டாவ. நான்தான் சார் வாயப் பொத்திக் கொன்னேன்” என்றான். பயிற்சியில் பழகிய அதே தணிந்த குரல்.

“கேட்கவில்லை. பின்னால் ஒரே சத்தமாக இருக்கிறது. சத்தமாகச் சொல்லுங்கள்.”

லிங்கதுரை துண்டை அவிழ்த்துக் கீழே போட்டான். செவிக்கூட்டுக்கு நேர் கீழே போய் நின்றான். கழுத்து நரம்பு புடைக்க, தெருவே திரும்பிப் பார்க்க, அவன் கத்தினான்.